பிழைப் பதிவேட்டிலிருந்து ஆட்களின் பட்டியல் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

ஒரு சேவை நிறுவனத்தின் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். நான்கு ஆண்டுகளாகப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வும் செய்துவருகிறார். பதிவான தலைப்பு: நிறுவனங்களில் டேட்டா மைனிங் (பெரிய தரவிலிருந்து பயனுள்ள போக்குகளைத் தேடி எடுப்பது), தகவல் தொழில்நுட்பத் திட்டமிடல், மென்பொருள் தரம். தன் அலுவலகத்தின் ஆறு ஆண்டுப் பிழைப் பதிவேட்டை (மென்பொருளில் காணும் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவு) எடுத்து, எந்த மாட்யூலில் (மென்பொருளின் தனிப் பகுதியில்) பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கணினி மாதிரியை உருவாக்கியிருக்கிறார். துல்லியம் 95.5 சதவீதம். நெறியாளர் அதை நியூரல் நெட்வொர்க் என்ற சிக்கலான கணிப்பு முறைக்கு மாற்றி 98-ஐத் தாண்டச் சொல்கிறார். புதிதாக வந்திருக்கும் தகவல் தொழில்நுட்பத் தலைவர் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, அடுத்த மூன்று ஆண்டுத் திட்டத்துக்கும் வருடாந்திர அப்ரைசலுக்கும் பயன்படும் வகையில், எந்த நிரலாளர் எத்தனை பிழை செய்கிறார் என்ற பட்டியலைக் கேட்கிறார். கொடுத்தால் புதிய தரவு ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆக்குவதாகவும் சொல்லியிருக்கிறார். பட்டியலில் முதல் பெயர், வாசகியின் நெருங்கிய தோழி. தரவைப் பயன்படுத்தப் பழைய தலைவர் வாய்வார்த்தையாகத்தான் சம்மதித்தார். அவர் இப்போது அங்கே இல்லை. "கொடுத்தால் தோழிக்குத் துரோகம், கொடுக்காவிட்டால் ஆய்வு நின்றுவிடும். ஆனால் எண்கள் பொய் சொல்லாது அல்லவா? நான் என்ன செய்ய?" என்று முடிக்கிறார்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இணைத்திருந்த முடிவு அட்டவணையையும் இருபது பிழைப் பதிவுகளையும் அதைவிட அதிக நேரம் பார்த்தேன். பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பியதற்கு நன்றி. அந்த அக்கறை உங்களுக்கு இருப்பதால் நான் சொல்லப்போகும் பல விஷயங்கள் எளிதாகின்றன.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஆனால் தோழிக்காக என்று நினைத்துக் கொடுக்காமல் இருக்காதீர்கள். முதல் பெயர் உங்களுக்கு முகமே தெரியாத ஒருவருடையதாக இருந்தாலும் என் பதில் இதுதான். அந்தப் பட்டியல் தவறானது. ஏன் தவறு என்பது உங்கள் சொந்தத் தரவுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் காட்டுவதுதான் உங்கள் ஆய்வாகவும் இருக்க முடியும் என்பது என் எண்ணம்.

அந்த 95.5 சதவீதம்

உங்கள் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 மாட்யூல்கள். அவற்றில் கடைசி ரிலீசுக்கு (மென்பொருள் வெளியீட்டுக்கு) பிறகு பிழை வந்தவை 120. உங்கள் மாதிரி 70 மாட்யூல்களைச் சுட்டிக்காட்டியது. அதில் 50 சரி, 20 தவறு. மீதி 70 பிழை மாட்யூல்கள் அதன் கண்ணில் படவே இல்லை. சரியாகச் சொன்னவை 50-ம் 1,860-ம் சேர்ந்து 1,910. அதுதான் 95.5 சதவீதம்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு "எந்த மாட்யூலிலும் பிழை இல்லை" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 2,000-க்கு 1,880 சரி. அதாவது 94 சதவீதம். எதுவுமே செய்யாத அவருக்கும் உங்கள் நான்கு ஆண்டு உழைப்புக்கும் இடையில் ஒன்றரைப் புள்ளிதான் வித்தியாசம். இதனால் உங்கள் வேலை வீண் என்று ஆகிவிடாது. 120 பிழை மாட்யூல்களில் 50-ஐப் பிடித்திருக்கிறீர்கள், சுட்டிக்காட்டிய 70-ல் 50 சரியாக இருக்கிறது. சோதனைப் பிரிவுக்கு உண்மையிலேயே உதவும் செய்தி இது. ஆனால் இதைச் சொல்ல வேண்டிய எண்கள் வேறு: நூறு பிழை மாட்யூலில் சுமார் 42-ஐப் பிடிக்கிறது, நூறு எச்சரிக்கையில் சுமார் 71 சரி. பிழை அரிதாக இருக்கும் இடத்தில் மொத்தத் துல்லியம் எதையும் சொல்வதில்லை. ஆய்வேட்டில் அந்த ஒற்றை எண்ணை முன்னிறுத்தினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வலிக்கும். உங்கள் மாதிரி அதிகம் நம்பியிருக்கும் காரணி "ஆறு மாதத்தில் மாட்யூல் எத்தனை முறை மாற்றப்பட்டது" என்பது. அந்த எண்ணை எந்தத் தேதி வரை எண்ணினீர்கள்? உங்கள் விளக்கத்தைப் பார்த்தால், தரவைத் திரட்டிய நாள் வரை எண்ணியதாகத் தெரிகிறது. அப்படியானால் பிழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதைத் திருத்தச் செய்த மாற்றங்களும் அந்த எண்ணுக்குள் புகுந்துவிட்டன. பிழை வந்ததால் மாற்றினார்கள். அந்த மாற்றத்தைக் காட்டி இங்கே பிழை வரும் என்று மாதிரி சொல்கிறது. விடையைப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வு அது. அதோடு, மாதிரிக்குக் கற்றுக்கொடுக்கும் தரவையும் அதைச் சோதிக்கும் தரவையும் காலம் பார்க்காமல் குலுக்கிப் பிரித்திருக்கிறீர்கள். அதனால் ஆறாம் ஆண்டில் நடந்ததைக் கற்றுக்கொண்டு மூன்றாம் ஆண்டுக்குக் குறி சொல்லும் நிலை வந்துவிடுகிறது.

ரிலீஸ் தேதியில் கோடு போட்டு, அதற்கு முன்பு தெரிந்ததை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். முதல் நான்கு ஆண்டு ரிலீஸ்களில் பயிற்சி, அடுத்த இரண்டு ஆண்டு ரிலீஸ்களில் சோதனை. எண்கள் இறங்கலாம், இறங்கட்டும். இறங்கிய எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தேர்வாளர் முன்னால் நிம்மதியாக உட்காரலாம்.

நியூரல் நெட்வொர்க் பற்றி உங்கள் நெறியாளர் சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். மார்ட்டின் ஷெப்பர்ட், டேவிட் போவ்ஸ், டிரேசி ஹால் மூவரும் 2014-ல் வெளியிட்ட கட்டுரையில், பிழை முன்கணிப்பு பற்றிய 42 ஆய்வுகளிலிருந்து 600 முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வின் முடிவுக்கும் இன்னொன்றின் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டில், எந்த அல்காரிதம் (கணிப்பு முறை) என்பது விளக்கியது வெறும் 1.3 சதவீதம். ஆய்வைச் செய்தது எந்தக் குழு என்பது சுமார் 30 சதவீதத்தை விளக்கியது. குழுவைப் பற்றிய அந்தக் கணக்கை 2016-ல் வேறு ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குப் பழகிய தரவையே எடுத்துக்கொள்வதும் அதற்குக் காரணம் என்றார்கள். விவாதம் எப்படிப் போனாலும், அல்காரிதத்தை மாற்றுவதால் மட்டும் பெரிய லாபம் வரும் என்று நம்பிவிட முடியாது. 2,000 வரிகள் உள்ள ஒரு அட்டவணைக்கு நீங்கள் பயன்படுத்திய ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணிப்பு முறையே போதும். மிச்சமிருக்கும் நேரத்தைத் தரவின் மேல் செலவழியுங்கள்.

பதிவேட்டில் உண்மையில் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய இருபதில் ஏழாவது பதிவை எடுத்துப் பாருங்கள். "அறிக்கையில் தேதி வருடம் முதலில் வருகிறது, நாள் முதலில் வர வேண்டும்." வகை: பிழை. தீவிரம்: உயர்வு. மூன்று நாளில் முடித்திருக்கிறார்கள். இது பிழையே இல்லை. வடிவமைப்பில் எப்படிக் கேட்டார்களோ அப்படித்தான் வருகிறது, இப்போது வேறு மாதிரி வேண்டும் என்கிறார்கள். பிறகு ஏன் பிழை என்று பதிந்தார்கள்? காரணம் உங்கள் கடிதத்திலேயே போகிற போக்கில் இருக்கிறது: "எங்கள் அலுவலகத்தில் புது வசதி கேட்டால் மூன்று பேர் கையெழுத்து வேண்டும், பிழை என்றால் அன்றே எடுத்துக்கொள்வார்கள்." வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கும் எவரும் அங்கே எதையும் பிழை என்றுதான் பதிவார். இருபதில் ஆறு பதிவுகள் இப்படிப்பட்டவை என்று நான் எண்ணினேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு கூடக் குறைய வரலாம்.

இது உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைக்க வேண்டாம். கிம் ஹெர்சிக், சாஷா ஜஸ்ட், ஆந்திரேயாஸ் செல்லர் ஆகியோர் ஐந்து திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களின் 7,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் படித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பிழை என்று குறிக்கப்பட்டவற்றில் 33.8 சதவீதம் பிழையே இல்லை. புது வசதி, ஆவணத் திருத்தம், நிரலை ஒழுங்குபடுத்தும் வேலை என்று ஏதோ ஒன்று. அதைவிடப் பெரிய செய்தி, பிழையுள்ளவை என்று கருதப்பட்ட கோப்புகளில் 39 சதவீதத்தில் ஒருபோதும் பிழை இருந்ததில்லை. இதற்கு வெகு காலம் முன்பே, 1980-ல், லியன்ட்ஸும் ஸ்வான்சனும் 487 நிறுவனங்களில் நடத்திய கணக்கெடுப்பு வெளிவந்தது. பராமரிப்பு என்று சொல்லிச் செய்யும் வேலையில் பெரும்பகுதி மேம்பாடுதான், பிழை திருத்தம் சிறு பங்குதான் என்று அது காட்டியது. வேலையின் தன்மை அப்படி. பதிவேடு அதைப் பிழை என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

பன்னிரண்டாவது பதிவும் என்னை யோசிக்க வைத்தது. திறந்த நான்கு நிமிடத்தில் "எங்கள் கணினியில் வரவில்லை" என்று மூடியிருக்கிறார்கள். மறுபடி திறப்பு, மறுபடி மூடல், மூன்று முறை. இது மென்பொருளைப் பற்றிச் சொல்வதைவிடச் சோதனைப் பிரிவுக்கும் நிரலாளர் பிரிவுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. ஆனால் உங்கள் கணக்கில் இது மூன்று பிழை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிழையே இல்லாத 1,880 மாட்யூல்களில் யாரும் தொடாதவை எத்தனை, யாரும் சோதிக்காதவை எத்தனை? ஆளே போகாத அறையிலிருந்து புகார் வருவதில்லை.

"எண்கள் பொய் சொல்லாது" என்றீர்கள். எண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் பதிவேடு ஆறு ஆண்டுகளாக உங்கள் அலுவலகம் எப்படிப் பழகியது என்பதன் பதிவு. அதை அப்படியே படித்தால் அது பொன்னான தரவு. மனிதர்களின் திறமையை அளந்த தரவு என்று படித்தால் அநியாயம் நடக்கும்.

என்ன செய்யலாம்? பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 400 பதிவுகளை எடுங்கள். நீங்களும், சம்பந்தமில்லாத ஒரு பிரிவிலிருந்து அனுபவமுள்ள ஒருவரும், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொன்றையும் வகைப்படுத்துங்கள். இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கோஹனின் கப்பா அளவால் கணக்கிடுங்கள். ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்த எளிய சூத்திரம்தான், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிடும். மாலை நேரங்களில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும். சலிப்பான வேலை. ஆனால் உங்கள் ஆய்வேட்டிலேயே மிகவும் உறுதியான அத்தியாயம் இதிலிருந்துதான் வரும், ஏனென்றால் உங்கள் அலுவலகத்தின் உள்ளே இருப்பவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

பெயர்ப் பட்டியல் கேட்கும் தலைவர்

அவரைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். புதிதாகப் பொறுப்பேற்றவர், மூன்று ஆண்டுத் திட்டம் போட வேண்டும், எங்கே பணம் வீணாகிறது என்று தெரிய வேண்டும். கையில் ஒரு கருவி இருப்பதாகக் கேள்விப்படுகிறார், கேட்கிறார். கேள்வி நியாயமானது, அதற்கு அவர் தேடும் விடைதான் தவறான இடத்தில் இருக்கிறது.

உங்கள் தோழி எந்த மாட்யூல்களைப் பார்த்துக்கொள்கிறார்? கட்டணக் கணக்கீடும் பழைய தரவுத்தள இணைப்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை அவரிடம் கொடுத்ததற்குக் காரணம் அவர் திறமையானவர் என்பதுதானே? எல்லா நிறுவனத்திலும் சிக்கலான நிரல் கைதேர்ந்தவரிடம்தான் போகும். பிழை எண்ணிக்கை அவர் பெயரில் ஏறும். புதிதாகச் சேர்ந்தவர் முகப்புப் பக்கத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார், அவர் பெயரில் ஒன்றும் இருக்காது. இந்தப் பட்டியலை அப்ரைசலில் வைத்தால், அடுத்த ஆண்டிலிருந்து கஷ்டமான மாட்யூலை யாரும் தொடமாட்டார்கள்.

நாச்சியப்பன் நாகப்பன், பிரெண்டன் மர்ஃபி, விக்டர் பாசிலி 2008-ல் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தை வைத்துச் செய்த ஆய்வை உங்கள் தலைவருக்குக் காட்டுங்கள். ஒரு பகுதியில் எத்தனை பேர் கைவைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிறகு வேலையை விட்டுப் போனார்கள், அதன் பொறுப்பு நிர்வாக அடுக்கில் எந்த மட்டத்தில் வந்து சேர்கிறது என்பன போன்ற அமைப்பு சார்ந்த அளவுகளை அவர்கள் எடுத்தார்கள். நிரலின் சிக்கல், மாற்றங்களின் அளவு, சோதனையின் பரப்பு ஆகியவற்றைவிட இந்த அளவுகள் பிழையை நன்றாக முன்கணித்தன. மெல்வின் கான்வே 1968-லேயே, ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பையே பிரதியெடுக்கும் என்று எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து அந்தத் திசையில் எண்களோடு வந்த சான்று இது. மூன்று ஆண்டுத் திட்டம் போடுகிறவருக்குத் தேவையான செய்தி இதுதான். நிரலாளரைத் தனியாக எடுத்து எடை போட்டால் இது தெரியாது.

என் அனுபவத்தில் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் தர ஆலோசகராகப் போன ஓர் இடத்தில், மாதந்தோறும் ஆள்வாரியாகப் பிழை எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டினார்கள். மூன்றே மாதத்தில் எண்ணிக்கை பாதியானது. நிர்வாகம் மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஒரு நாள் சோதனைப் பிரிவில் ஒரு பெண்ணிடம் பேனா கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம். நெருக்கமான கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் பிழைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நிரலாளரின் பெயரின் முதலெழுத்து, திருத்தியதும் ஒரு டிக். பதிவேட்டில் ஏற்றினால் நண்பர்களுக்குப் பாதிப்பு என்று பிழைகள் நோட்டுக்குப் போய்விட்டன. பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்னது அங்கே கண்ணெதிரே நடந்தது: ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தி அழுத்தம் கொடுத்தால், அதுவரை அதில் தெரிந்த ஒழுங்கு உடைந்துவிடும். அந்த மூன்று மாதத் தரவை அப்புறம் எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. உங்கள் பதிவேட்டுக்கும் அது நேரும். உங்கள் ஆய்வின் மூலப்பொருளே கெட்டுப்போகும்.

ஆகவே வெறுங்கையோடு போய் "முடியாது" என்று சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியதை வேறு வடிவில் கொண்டுபோங்கள். தாமஸ் ஆஸ்ட்ரண்ட், எலைன் வெயூக்கர், ராபர்ட் பெல் 2005-ல் பெரிய மென்பொருள் அமைப்புகளில் செய்த ஆய்வில், அதிகப் பிழை வரும் என்று கணிக்கப்பட்ட 20 சதவீதக் கோப்புகளில் சராசரியாக 83 சதவீதப் பிழைகள் இருந்தன. உங்களிடமும் அப்படித் தொல்லை ஓரிடத்தில் குவிந்திருக்க வாய்ப்பு அதிகம். தொல்லை அதிகமான பதினைந்து மாட்யூல்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர் கைமாறியது, ஆவணம் இருக்கிறதா, எழுதியவர் இன்னும் இருக்கிறாரா, தானியங்கிச் சோதனை உண்டா என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், ஆள்வாரிப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். கஷ்டமான மாட்யூல் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது, அதை வைத்து முடிவெடுத்தால் நமக்கே திரும்ப அடிக்கும். அதற்குப் பதில் இந்தப் பதினைந்து மாட்யூலைப் பாருங்கள். எதைத் திரும்ப எழுதலாம், எதை இப்படியே பராமரிக்கலாம், எதை நிறுத்திவிடலாம் என்று இதை வைத்துத் திட்டத்தில் போடலாம்."

திட்டம் போடுகிற யாரும் இதை வேண்டாம் என்று தள்ளுவது அரிது. அப்படியும் பெயர்தான் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், கோரிக்கையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மனிதவளப் பிரிவுக்கும், பெயர் இடம்பெறுவோருக்கும் தெரிவித்த பிறகே தருவேன் என்றும், கணக்கின் குறைகளை அதே பக்கத்தில் எழுதித்தான் தருவேன் என்றும் பணிவாகச் சொல்லுங்கள். பல நாடுகளில் ஊழியர் தரவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22-ம் பிரிவு, ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரக் கணக்கை மட்டும் வைத்து எடுப்பதற்கு எதிரான உரிமையைக் கொடுக்கிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சில் உறுதி இருக்கும்.

மறுத்தால் நஷ்டமே வராது என்று நான் பொய்யாகத் தைரியம் சொல்லமாட்டேன். அந்தப் பொறுப்பாளர் பதவி வேறொருவருக்குப் போகலாம். ஆனால் அந்த வாக்குறுதி எழுத்தில் இல்லை. அதோடு, சக ஊழியர்களை எண்ணி மேலே கொடுப்பவர் என்ற பெயரோடு அந்தப் பிரிவில் உட்கார்ந்தால், அதன் பிறகு யார் உங்களிடம் உண்மையான தரவைத் தருவார்கள்?

தரவு யாருடையது?

"நானே ஆறு ஆண்டுத் தரவையும் உட்கார்ந்து திரட்டினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்பு உங்களுடையது, தரவு நிறுவனத்தினுடையது. பழைய தலைவரின் வாய்வார்த்தை அவரோடு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அஞ்ச வேண்டியது பட்டியலைவிட இதற்குத்தான். நாளை உறவு கசந்தால் "அனுமதியில்லாமல் எடுத்தார்" என்ற ஒரே வரி போதும், நான்கு ஆண்டு ஆய்வு தடைபட.

புதிய தலைவரிடம் அந்த இரண்டு பக்கத்தைக் கொடுக்கும் அதே சந்திப்பில் எழுத்து அனுமதி கேளுங்கள். எந்தக் காலத்துத் தரவு, எந்த நோக்கத்துக்கு, எங்கே சேமிக்கப்படும், வெளியிடும் முன் நிறுவனம் எத்தனை நாளில் படித்துப் பார்க்கும், நிறுவனத்தின் பெயர் வருமா வராதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய தலைவர் வாய்மொழியாக அனுமதித்தார் என்பதையும் தேதியோடு குறிப்பிடுங்கள். மறைத்தால் பிறகு தப்பாகப் படும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இப்போதே செய்யுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. பணியில் இருக்கும்போது உருவாக்கியவை யாருக்குச் சொந்தம் என்று உங்கள் பணி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும். அதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பெயருக்குப் பதில் "நிரலாளர் அ", "நிரலாளர் ஆ" என்று போட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். பதினான்கு பேர் வேலை செய்யும் பிரிவில் அது முகமூடியே இல்லை. "கட்டணக் கணக்கீடு, நிரலாளர் அ" என்று படித்தவுடன் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். தனி ஆள் அளவில் எதையும் வெளியிடாதீர்கள். அனுபவ ஆண்டு, பிரிவு, பணிமாற்ற எண்ணிக்கை என்று தொகுத்தே சொல்லுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் ஆய்வு நின்றுவிடாது. மோசில்லா, எக்லிப்ஸ், அப்பாச்சி ஆகிய திறமூல மென்பொருள் திட்டங்களின் பிழைப் பதிவேடுகள் பொதுவில் இருக்கின்றன, ஏராளமான ஆய்வுகள் அவற்றை வைத்தே நடந்திருக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை. தாமஸ் சிம்மர்மனும் சக ஆய்வாளர்களும் 2009-ல், ஒரு திட்டத்தில் பயிற்றுவித்த மாதிரி இன்னொரு திட்டத்தில் வேலை செய்கிறதா என்று 622 முறை சோதித்தார்கள். தேறியது 3.4 சதவீதம் மட்டுமே. அங்கே கண்டதை உங்கள் அலுவலகத்துக்கும் பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள்.

தலைப்பைச் சுருக்குங்கள்

மூன்று பெரிய துறைகளை ஒரே தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். தரம் என்ற ஒன்றையே எடுத்தால், ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 என்ற பன்னாட்டுத் தரநிலை 2011-ல் அதற்கு எட்டுப் பண்புகளைச் சொன்னது, 2023 பதிப்பில் அது ஒன்பதானது. பிழை எண்ணிக்கை அவற்றில் சிலவற்றைத் தொடும், அவ்வளவே. நீங்கள் அளந்ததை "மென்பொருள் தரம்" என்று மொத்தமாக அழைத்தால் தேர்வாளர் விடமாட்டார். டேட்டா மைனிங் வேலைக்கு 2000-ல் வெளியான கிரிஸ்ப்-டிஎம் நடைமுறையில் ஆறு கட்டங்கள் உண்டு. முதல் கட்டமே, நிறுவனத்துக்கு எந்த முடிவை எடுக்க இது உதவ வேண்டும் என்று புரிந்துகொள்வது. நீங்கள் அதைத் தாண்டி நேராகத் தரவைச் சீர்செய்வதில் இறங்கிவிட்டீர்கள். அந்த முதல் கட்டத்தை இப்போது உங்கள் தலைவரே வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

நான் உங்கள் நெறியாளராக இருந்தால் கேள்வியை இப்படி வைப்பேன்: பிழைப் பதிவேட்டிலிருந்து கிடைக்கும் சான்று, எந்த மாட்யூலைப் பராமரிப்பது, எதைத் திரும்ப எழுதுவது, எதை நிறுத்துவது என்ற திட்ட முடிவை மாற்றுகிறதா? திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் முதலில் அவர்களுடைய வரிசையை எழுதி வாங்குங்கள். பிறகு சுத்தம் செய்த தரவின் முடிவைக் காட்டி மறுபடி வாங்குங்கள். எங்கே மாறினார்கள், எங்கே மாறவில்லை, ஏன் என்று பேட்டி எடுங்கள். ஒரே நிறுவனத்தில் செய்யும் ஆய்வு என்று கூச்சப்பட வேண்டாம். மென்பொருள் துறையில் இத்தகைய ஆய்வை எப்படி முறையாகச் செய்வது என்று ரூனசனும் ஹோஸ்டும் 2009-ல் விரிவான வழிகாட்டுதல் தந்திருக்கிறார்கள். தலைப்பு மாற்றத்துக்குப் பல்கலைக்கழகத்தில் கால வரம்பு இருக்கும். டாக்டரல் கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். நெறியாளரிடம் போகும்போது 98-ஐப் பற்றி வாதம் செய்யாமல், மேலே சொன்ன 94 சதவீதக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். கணக்குத் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார்.

கடைசியாக உங்கள் தோழி. தலைவரோடு பேசி முடிக்கும்வரை அவரிடம் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், வீணாகக் கலங்குவார். பட்டியல் பேச்சு ஓய்ந்ததும் மறைக்காமல் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பிறகு அந்தக் கட்டணக் கணக்கீட்டு மாட்யூலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கைவைக்க அவருக்கே பயம், ஏன் என்று கேளுங்கள். ஆறு ஆண்டுப் பதிவேட்டில் இல்லாத பதில்கள் அவரிடம் இருக்கும். அதை ஆய்வேட்டில் சேர்ப்பதாக இருந்தால், முதலில் அவருடைய எழுத்துச் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.